குதிரையின் குருதியில் மறைந்த பகை

குதிரை வாங்குவோர் பண்டுதொட்டே பல்லைப் பார்த்து வயதையும், நடையைப் பார்த்து வலிமையையும், மயிரின் பளபளப்பைப் பார்த்து உடல்நலத்தையும் கணித்து வந்தனர். ஆயினும், இக்கணிப்புகளுக்கெல்லாம் அகப்படாத நோயொன்று உண்டு. உண்ணி கடித்தலாற் பரவும் பைரோபிளாஸ்மோசிஸ் என்னும் அந்நோய், குதிரையின் குருதியிலே ஆண்டுக்கணக்காக ஒளிந்திருக்கவல்லது. அதனைக் கண்டறிய மனிதர் மேற்கொண்ட முயற்சியின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டதாகும்.

உண்ணியால் நோய் பரவுமென அமெரிக்க மாட்டுப்பண்ணையாளர் நெடுங்காலமாகவே ஐயுற்றிருந்தனர்; கற்றோர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1893இல் தியோபல்ட் சிமித், கில்போர்ன் என்னும் இருவர், மாடுகளைக் கொல்லும் டெக்சாஸ் காய்ச்சல் உண்ணியாலேயே பரவுகின்றதென நிறுவினர். மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு அறிஞர் லவரான், 1901இல் குதிரையின் கிருமிக்குப் பெயர் சூட்டினார். பேரிக்காய் வடிவினது என்பதே அப்பெயரின் பொருள். பின்னர் நட்டல், ஸ்டிரிக்லண்ட் என்போர் குதிரையைப் பற்றுவன இரு வேறு கிருமிகள் எனத் தெளிவுபடுத்தினர்.

இக்கிருமிகள் செங்குழியங்களுட் புகுந்து பெருகி அவற்றைச் சிதைக்கின்றன. காய்ச்சலும் சோகையும் மஞ்சட்காமாலையும் தோன்றுகின்றன. அவ்வேளையில் சாயமூட்டிய குருதித் துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் கிருமி தென்படும். ஆனால், பிழைத்தெழுந்த குதிரையின் குருதியில் அது மிக அருகிவிடுகின்றது. குதிரை ஓடும், உண்ணும், பந்தயத்திலும் வெல்லும். எனினும் அதனைக் கடித்த உண்ணி வேறொரு குதிரைக்கு நோயைக் கொண்டு செல்லும்.

1961இல் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவில் இந்நோய் கண்டறியப்பட்டது. அதனை அங்கிருந்து ஒழிக்கக் கால் நூற்றாண்டு கடந்தது. மறைந்த நோயைக் காட்ட நிரப்பி நிலைப்படுத்தற் சோதனை என்பது கைக்கொள்ளப்பட்டது. கிருமியைத் தேடாது, அதனை எதிர்த்துக் குதிரையின் உடல் ஆக்கிய பிறபொருளெதிரியைத் தேடுவதே அதன் முறை. சோதனைக் குழாயிலே சேர்த்த ஆட்டின் செங்குழியங்கள் சிதையாது எஞ்சின் நோயுண்டு; சிதைந்தால் இல்லை.

இச்சோதனைக்கும் ஒரு குறை இருந்தது. நோய் பழையதாயின் அது சிலவேளை 'இல்லை' என்றே விடை கூறிற்று. அவ்விடையை நம்பி நோயுற்ற குதிரைகளும் நாட்டினுள் அனுமதிக்கப்படக்கூடிய நிலை ஏற்பட்டது. ஆகலின், இறக்குமதிக் குதிரைகளுக்கு 2005இல் எலைசா என்னும் நுட்பமான சோதனை விதிக்கப்பட்டது.

2009இல் டெக்சாஸ் மாநிலப் பண்ணையொன்றில் ஒரு பெட்டைக் குதிரை நோயுற்றது. ஏனையவற்றைச் சோதித்தபோது, அப்பண்ணையில் 400க்கும் மேற்பட்ட குதிரைகள் நோய்க்கிருமி உடையன எனத் தெரியவந்தது. அவற்றுட் பெரும்பாலானவை நலமாகவே தோன்றின. உண்ணியே இல்லாத இடங்களிலும், ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்கு ஏற்றியதால் நோய் பரவியமை பிற ஆய்வுகளில் வெளிப்பட்டது. உண்ணியின் தொழிலை மனிதனின் கையே செய்துவிட்டது!

அதுகாறும் நோயுண்டு எனத் தீர்ப்புப் பெற்ற குதிரைக்கு வாழ்நாட் சிறையோ, நாடுகடத்தலோ, கொலையோதான் காத்திருந்தது. டெக்சாஸ் குதிரைகளுக்கு இமிடோகார்ப் என்னும் மருந்தை உரிய அளவில் அளித்தபோது பலவற்றில் கிருமி முற்றாக நீங்கிற்று. ஆயினும், பிறபொருளெதிரி பல மாதங்கள் எஞ்சியமையால், எலைசா அக்குதிரைகளையும் நோயுடையன என்றே காட்டிற்று. நோய் நீங்கியதை அறியக் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிறிதொரு சோதனையின் துணை வேண்டியதாயிற்று.

முன்னொரு சோதனை நோயுள்ளதை இல்லையென்றது. பின்னொன்று நீங்கியதை உள்ளதென்றது. வாய்பேசா உயிரின் வாழ்வும் சாவும் ஒரு துளிக் குருதியின் விடையில் தங்கியிருக்கையில், அவ்விடை எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்று ஆராய்ந்தறிதல் தீர்ப்பளிப்போரின் தலையாய கடமையாகும்.