மூன்று மாதச் சோறு யார் போடுவது? - கல்லூரி வளாகத்தில் பிறந்த கம்பெனிகளின் கதை

மாரண்டஹள்ளி ரயில் நிலையத்தில் வடக்கே போகிற வண்டியில் ஏறினால் ராயக்கோட்டை, கெலமங்கலம் தாண்டி ஓசூர் வந்துவிடும். தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியில் ஓசூர் என்றாலே "கம்பெனி வேலை" என்றுதான் அர்த்தம். அந்த ஓசூரில் 2021-ஆம் ஆண்டு ஒரு மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. ஏத்தர் எனர்ஜி என்று பெயர்.

ஆனால் அந்த ஸ்கூட்டரின் கதை ஓசூரில் தொடங்கவில்லை. சென்னையில், ஐ.ஐ.டி. வளாகத்துக்குள், படிப்பு முடித்து ஒரு வருடம் கூட ஆகாத இரண்டு இளைஞர்களிடம் தொடங்கியது.

படிக்கிற பையன்களுக்குக் கம்பெனி எதற்கு, முதலில் அரியரை முடிக்கட்டும் என்று சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. ஆனால் இன்று உலகம் முழுக்கப் பல பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் இதற்கென்றே தனித் திட்டம் நடத்துகின்றன. "ஆக்சிலரேட்டர்" என்கிறார்கள். வண்டியின் வேகத்தைக் கூட்டும் அதே ஆக்சிலரேட்டர்தான்! சுமார் மூன்று மாதம் வேறு வேலை எதுவும் பார்க்காமல், கையில் இருக்கும் யோசனையை ஒரு பொருளாக மாற்ற வேண்டும். முடிவில் முதலீட்டாளர்கள் முன்னால் அதைச் செய்து காட்ட வேண்டும்.

இந்தத் திட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எதிரே வந்து நிற்கிறது. அந்த மூன்று மாதமும் சாப்பாட்டுக்கு என்ன வழி?

1938: ஒரு பேராசிரியர் செய்த உதவி

முதலில் அமெரிக்காவுக்குப் போய் வருவோம். டேவிட் பேக்கார்டு என்ற இளைஞர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, நாட்டின் மறுகோடியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பழைய பேராசிரியர் ஃபிரெடரிக் டெர்மன் 1938-இல் அவருக்கு ஓர் ஆராய்ச்சி உதவித்தொகை ஏற்பாடு செய்து ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பவும் வரவழைத்தார். அங்கே நண்பர் வில்லியம் ஹியூலெட்டுடன் சேர்ந்து, ஒரு கார் ஷெட்டில் மின்னணுக் கருவிகள் செய்ய ஆரம்பித்தார் பேக்கார்டு. கையில் இருந்த முதல் 538 டாலர். 1939-இல் பிறந்த அந்தக் கம்பெனிதான் ஹியூலெட் பேக்கார்டு, அதாவது நம் கல்லூரி லேப்களில் பார்க்கும் "எச்.பி."

எல்லோரும் அந்தக் கார் ஷெட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த உதவித்தொகையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அது இல்லாவிட்டால் பேக்கார்டு பழைய வேலையை விட்டு வந்திருப்பாரா என்பதை யோசித்துப் பாருங்கள்.

1986: துவாக்குடியில் ஒரு பூங்கா

இது அமெரிக்காக்காரன் கதை, நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, தொழில்முனைவை வளர்ப்பதற்காக 1982-இல் ஒரு தேசிய வாரியத்தை அமைத்தது. பொறியியல் கல்லூரிகளை ஒட்டி "தொழில்முனைவோர் பூங்கா" அமைப்பது அதன் திட்டங்களில் ஒன்று. நாட்டில் வந்த முதல் சில பூங்காக்களில் ஒன்று தமிழ்நாட்டில் வந்தது. திருச்சி துவாக்குடியில், அப்போது மண்டலப் பொறியியல் கல்லூரி என்று அழைக்கப்பட்ட இன்றைய என்.ஐ.டி.யில், 1986-இல் தொடங்கியது. பெயர் ட்ரெக்-ஸ்டெப். பக்கத்திலேயே பெல் தொழிற்சாலை. கோவையில் பி.எஸ்.ஜி. கல்லூரியின் பூங்கா 1998-இல் வந்தது.

அந்தக் காலத்துப் பூங்காக்கள் முக்கியமாகக் கொடுத்தவை இடம், இயந்திர வசதி, ஆலோசனை, பயிற்சி. தொழில் என்றாலே லேத், வெல்டிங், வங்கிக் கடன் என்று இருந்த காலம் அது. ஷெட் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஷெட்டில் உட்கார்ந்திருப்பவனின் வீட்டு வாடகை? அதை அவன் வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு ஓரளவு வசதி இருந்தால் சரி. இல்லாவிட்டால் கேம்பஸ் இன்டர்வியூதான்.

2005: கோடைக்கால வேலைக்குப் பதிலாக

கம்ப்யூட்டர் வந்ததும் கணக்கு மாறியது. மென்பொருள் எழுத ஷெட் வேண்டாம், லேத் வேண்டாம். ஒரு கணினி, இணைய இணைப்பு, பிறகு நேரம். இவ்வளவுதான். இந்த மூன்றாவதற்கு ஒரு விலை போட்டவர் பால் கிரஹாம்.

தன் பழைய கம்பெனியை யாஹூவுக்கு விற்றிருந்த கிரஹாம், ஜெசிகா லிவிங்ஸ்டன் மற்றும் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து 2005-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கோடைத் திட்டம் அறிவித்தார். மாணவர்கள் விடுமுறையில் ஏதாவது கம்பெனியில் வேலைக்குப் போவார்கள் அல்லவா, அதற்குப் பதிலாகச் சொந்தமாக ஒன்றைத் தொடங்குங்கள் என்றார். ஆளுக்கு 6,000 டாலர் கொடுத்து, கம்பெனியில் 6 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த 6,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கோடை மூன்று மாதத்துக்குக் கிடைக்கும் தொகை அது! முதலீட்டாளர் மூளை போட்ட கணக்கு இல்லை, ஒரு மாணவன் மூன்று மாதம் பிழைக்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கு.

அந்த முதல் கோடையில் இருந்தவை 8 கம்பெனிகள். அதில் ஒன்று ரெடிட். அந்தப் பையன்கள் முதலில் கொண்டு வந்தது செல்போனில் சாப்பாடு ஆர்டர் செய்யும் யோசனை. அது நிராகரிக்கப்பட்டது. பிறகு "ஆட்கள் நல்லவர்கள், யோசனையை மட்டும் மாற்றுங்கள்" என்று திரும்பக் கூப்பிட்டார்கள். இணைய நாட்காட்டி செய்த இன்னொரு கம்பெனி எடுபடவில்லை. 2006-இல் அதை ஈபேயில் ஏலம் விட்டார்கள். அதே ஆட்கள் அடுத்துத் தொடங்கிய முயற்சிதான் பின்னால் ட்விட்ச் ஆனது. 2014-இல் அமேசான் அதை 97 கோடி டாலருக்கு வாங்கியது.

யோசனை தோற்கலாம், ஆள் தோற்க வேண்டியதில்லை என்பது அந்தக் கோடையில் தெரிந்தது. வொய் காம்பினேட்டர் என்ற அந்தத் திட்டத்தைப் பார்த்துப் பல்கலைக்கழகங்களும் இறங்கின. எம்.ஐ.டி. 2012-இல் தன் மாணவர்களுக்கென்றே ஒரு கோடைத் திட்டம் தொடங்கியது. இன்று அதன் பெயர் டெல்டா வி. உதவித்தொகை உண்டு, பங்கு எதுவும் கேட்பதில்லை.

கிண்டியில் நடந்தது

சென்னை ஐ.ஐ.டி.யில் இது கோடைத் திட்டமாகத் தொடங்கவில்லை. தொண்ணூறுகளில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும் சேர்ந்து "டெனெட்" என்ற குழுவை நடத்தினார்கள். குறைந்த செலவில் கிராமத்துக்கும் தொலைபேசி என்பது அவர்கள் கனவு. அதற்காகப் பழைய மாணவர்களையே கம்பெனி தொடங்கச் சொன்னார்கள். 2006-இல் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கென ஓர் இன்குபேட்டர் வந்தது. 2008-இல் அங்கே தொடங்கிய யூனிஃபோர், பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளில் இன்று உலகம் அறிந்த பெயர். 2010-இல் ஆய்வுப் பூங்கா, 2013-இல் இன்குபேஷன் செல்.

அந்த 2013-இல்தான் தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இருவரும் வேலையை விட்டுவிட்டு, படித்த வளாகத்துக்கே திரும்பி வந்தார்கள். முதலில் யோசித்தது பேட்டரி. பேட்டரி நன்றாக இருந்து என்ன, பொருத்த நல்ல வண்டி இல்லையே என்று ஸ்கூட்டருக்கே போனார்கள். 2014 கடைசியில் ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் 10 லட்சம் டாலர் போட்டார்கள். வண்டி விற்பனைக்கு வந்தது 2018-இல். கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது 2025 மே மாதம். பன்னிரண்டு வருடம்! மூன்று மாதத்தில் முடிகிற கதை இல்லை. ஆனால் முதல் சில மாதங்களில் ஆய்வகமும், கேட்டால் பதில் சொல்லப் பேராசிரியர்களும் பக்கத்தில் இல்லாவிட்டால் மற்ற வருடங்கள் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

விடுமுறை யாருக்கு?

இப்போது மாரண்டஹள்ளிக்குத் திரும்புவோம். இந்தப் பக்கத்தில் மே, ஜூன் என்றால் மாம்பழ சீசன். வசதி இல்லாத வீட்டுப் பையனுக்குக் கோடை விடுமுறை என்பது சம்பாதிக்கும் காலம். தோட்டம், மண்டி, இல்லையென்றால் ஓசூரில் தற்காலிக வேலை. அவனிடம் போய் "மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் யோசனையை வளர்த்து வா" என்றால் என்ன செய்வான்? அவனுக்குத் திறமை குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மூன்று மாதத்தின் விலை அவன் வீட்டுக்கு மட்டும் அதிகம்.

இது அரசுக்குத் தெரியாததும் இல்லை. 2016-இல் வந்த நிதி என்ற மத்தியத் திட்டத்தின் கீழ், படிப்பு முடித்து வேலைக்குப் போகாமல் தொழில் தொடங்க முயல்பவருக்கு இன்குபேட்டர் மூலம் மாதம் 30,000 ரூபாய் வரை உதவித்தொகை கொடுக்க வழி செய்தார்கள். 2019-இல் வந்த தேசியக் கொள்கை, தொழில் தொடங்கும் மாணவனுக்கு ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இடைவெளி தரலாம், விடுதியில் தங்க அனுமதிக்கலாம் என்று கல்லூரிகளுக்குச் சொன்னது. டெர்மன் பேக்கார்டுக்கு 1938-இல் செய்ததும் ஏறக்குறைய இதுதானே!

ஆனால் கொள்கை காகிதத்தில் இருந்தால் போதாது. தர்மபுரியிலும் 2013 முதல் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஏத்தர் பிறந்த அதே வருடம். அப்படிப்பட்ட கல்லூரிகளில் கோடைத் திட்டம் நடத்துபவர்கள் பேனர், கோட்டு போட்ட விருந்தினர், சான்றிதழ் இவற்றுக்கு ஆகும் செலவை எழுதும் முன்பு, பட்டியலின் முதல் வரியில் ஒன்றை எழுத வேண்டும்: வருகிற பையனுக்கும் பெண்ணுக்கும் மூன்று மாதச் சாப்பாடு, தங்க இடம், வீட்டுக்கு அனுப்பக் கொஞ்சம் பணம்.

அதை எழுதிவிட்டால், மாரண்டஹள்ளியில் ரயில் ஏறி வேலை தேடி ஓசூர் போகிறவர்களில் சிலர் ஒரு கோடைக்காவது அந்த வண்டியில் ஏறாமல், கையில் இருக்கும் யோசனையோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். அதில் எத்தனை தேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2005-இல் கேம்பிரிட்ஜிலும் யாராலும் சொல்ல முடியவில்லை.