பனிக்கட்டி வியாபாரியின் ஊற்று

கோடை காலத்தில் டெக்ஸாஸ் ராஜ்யத்தின் தலைநகரான ஆஸ்டினில் உஷ்ணமானி 100 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். தார் ரோடு இளகும். நாய்கூட நிழலை விட்டு நகராது. அப்பேர்ப்பட்ட ஊரின் நடுவில், கொலராடோ ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில், வருஷம் முழுவதும் ஏறக்குறைய 70 டிகிரியிலேயே நிற்கும் ஒரு நீர்நிலை இருக்கிறது. சித்திரை வெயிலானாலும் மார்கழிக் குளிரானாலும் அதற்கு ஒன்றுதான். ஜனவரி முதல் தேதி காலையில், பல் கிட்டிக்கும் குளிரில், அதில் குதித்துப் புது வருஷத்தை வரவேற்கும் ஆசாமிகளும் அந்த ஊரில் உண்டு.

(கொலராடோ என்றதும் புகழ்பெற்ற பெரும் பள்ளத்தாக்கைக் குடைந்த நதி என்று எண்ணிவிட வேண்டாம். இது அதே பேர் கொண்ட வேறு நதி. டெக்ஸாஸுக்குள்ளேயே பிறந்து கடலில் கலந்துவிடுகிறது.)

நீச்சல் குளம் என்றுதான் ஊரார் சொல்கிறார்கள். ஆனால் ஏறக்குறைய மூன்று ஏக்கர் பரப்பும், ஆயிரம் அடி நீளமும் உள்ளதைக் குளம் என்பதா, ஏரி என்பதா? அடியில் சுண்ணாம்புப் பாறை. பாறை வெடிப்பிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று கோடி காலன் ஜலம் பொங்கி வருகிறது. பல மைல் தூரத்துக்கு அப்பால் பெய்த மழை, ஓடைகளின் படுகையில் உள்ள பிளவுகள் வழியாகப் பூமிக்குள் இறங்கி, இருட்டுக் குகைகளில் நடந்து இங்கே வந்து வெளிச்சம் பார்க்கிறது.

1837-ல் இங்கே வந்து குடியேறிய வில்லியம் பார்ட்டன் என்பவர் தம் பெண்களின் பெயரையே ஊற்றுகளுக்குச் சூட்டினார்: பார்த்தீனியா, எலிஸா, ஜெனோபியா. பெண் குழந்தைகளிடம் அத்தனை வாஞ்சை. அதே மனிதர் அடிமைகளையும் சொத்தாக வைத்திருந்தார். பெண்களின் பெயர்களைச் சரித்திரம் எழுதி வைத்துக்கொண்டது. அந்த அடிமைகளின் பெயர்களை யார் கேட்டார்கள்?

பிற்பாடு ஊற்று, ஆண்ட்ரூ ஸில்க்கர் என்பவர் கைக்கு வந்தது. சட்டைப் பையில் ஐம்பது சென்ட்டுடன் ஊருக்குள் நுழைந்த பேர்வழி என்பார்கள். பனிக்கட்டி செய்து விற்றார், கொக்கோகோலாவைப் புட்டியில் அடைத்து விற்றார், செல்வரானார். வெயில் கொளுத்தும் ஊரில் குளிர்ச்சியை விற்றவன் ஏழையாக இருப்பானா?

ஆனால் அந்தப் பனிக்கட்டி வியாபாரி 1917-ல் செய்த காரியத்தில் வியாபாரம் குறைவு. ஊற்றையும் அதைச் சுற்றிய நிலத்தையும் பொதுஜனங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு நிபந்தனை: அதற்கு ஈடாக நகரசபை ஒரு லட்சம் டாலரைப் பள்ளிக்கூடங்களுக்குத் தர வேண்டும், பிள்ளைகள் கைத்தொழில் கற்க வேண்டும். 1931-ல் மறுபடியும் இதே மாதிரி ஏற்பாட்டில் மேலும் நிலம் வந்தது. ஆக, பூங்கா ஜனங்களுக்கு. பணம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இந்த விஷயத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொதுஜனம் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்து டெக்ஸாஸில் வேலி இருந்தது. 1928-ல் ஆஸ்டினுக்கு ஒரு நகரத் திட்டம் எழுதினார்கள். இன்னார் இன்ன தெருவில்தான் வசிக்கலாம் என்று சட்டம் போட்டால் நீதிமன்றம் தள்ளிவிடும். ஆகவே வேறு வழி கண்டார்கள். கறுப்பின மக்களுக்கான பள்ளிக்கூடம், பூங்கா எல்லாவற்றையும் ஊரின் கிழக்கே மட்டும் வைத்துவிட்டால், அவர்கள் தாங்களாகவே அங்கே போய்விடுவார்கள் அல்லவா? கெட்டிக்கார யோசனைதான். அவர்களுக்கென்று கிழக்கே ரோஸ்வுட் பூங்கா ஏற்பட்டது. பார்ட்டன் ஊற்றில் அணைச்சுவர் கட்டி நீரைத் தேக்கியதும் ஏறக்குறைய அதே வருஷங்களில்தான். 1947-ல் ஸ்நான அறைகளும் அழகான நுழைவாயிலும் வந்தன. வெள்ளைக்காரர்களுக்கு.

அந்தக் கரையில் ஒரு பாறை. அதில் மூன்று பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவது வழக்கம்: நாடோடிக் கதைகளைத் தேடித் திரட்டிய ஃபிராங்க் டோபி, பறவைகளையும் செடிகொடிகளையும் பற்றி எழுதிய ராய் பெடிச்செக், சரித்திராசிரியர் வால்ட்டர் வெப். எழுத்துக்காரர்களுக்குப் பேச ஒரு பாறை கிடைத்தால் போதாதா! கறுப்பின மாணவர்களையும் சர்வகலாசாலையில் சேர்க்க வேண்டும் என்று 1945-லேயே பகிரங்கமாகச் சொன்னவர் டோபி. அவ்வளவு தைரியசாலி உட்கார்ந்து பேசிய கரையிலும் வேலி அப்படியேதான் நின்றது.

அதைத் தாண்டியது பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி. ஜோன் மீன்ஸ் என்று பெயர். 1960-ல் ஆஸ்டின் உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்பு. அந்தப் பள்ளியில் நிறவேற்றுமை 1955-லேயே விலகியிருந்தது. அதாவது வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் உட்காரலாம், பரீட்சை எழுதலாம். வகுப்பார் எல்லோரும் சேர்ந்து ஸில்க்கர் பூங்காவுக்கு உல்லாசப் பயணம் போவதென்று ஏற்பாடாயிற்று. கறுப்பினப் பிள்ளைகள் மட்டும் நீரில் இறங்கக் கூடாது என்றார்கள். கூட வரலாம், சாப்பிடலாம், கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம்!

எந்த நிலத்தின் விலை அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று ஸில்க்கர் எழுதிக் கொடுத்தாரோ, அதே நிலத்தில் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இந்த உத்தரவு.

ஜோன் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, குதித்துவிட்டாள். அந்தக் கோடையில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆர்ப்பாட்டம் என்று பார்த்தால், நீந்துவதுதான் ஆர்ப்பாட்டம். ஒரு பெண் தண்ணீருக்குள் இருக்கிறாள் என்பதைத் தவிரப் பெரிய குற்றம் எதுவும் அங்கே நடக்கவில்லை. 1962-ல் தடை போயிற்று.

அப்புறம் ஊற்றுக்கு வேறு விதமான ஆபத்து வந்தது. பார்ட்டன் ஓடையின் மேற்பகுதியில் 4,000 ஏக்கரில் வீடுகளும் கோல்ப் மைதானங்களும் கட்டப் பெரிய கம்பெனி ஒன்று முன்வந்தது. மேலே எதைக் கொட்டினாலும் சில நாட்களில் கீழே ஊற்றில் வந்து நிற்கும். சுண்ணாம்புப் பாறை வழிவிடுமே தவிர, வடிகட்டாது. 1990 ஜூன் 7-ந் தேதி நகரசபையில் பேச நூற்றுக்கணக்கானோர் பெயர் கொடுத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக இரவு முழுவதும் பேசினார்கள். விடியற்காலையில் சபை அந்தத் திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தது. 1992-ல் ஜனங்கள் வாக்களித்து ஊற்றைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, இரண்டரை அங்குல நீளமுள்ள ஒரு நீர்ப்பிராணியும் துணைக்கு வந்தது. பல்லி போன்ற உருவம். கழுத்தோரத்தில் இறகு மாதிரி செவுள். இந்த ஊற்றுகளை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது என்றுதான் அப்போது எண்ணினார்கள். 1997-ல் மத்திய அரசு அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

1994-ல் மூன்று பெரியவர்களுக்கும் வாசல் அருகே வெண்கலச் சிலை வைத்தார்கள். டோபியும் பெடிச்செக்கும் நீச்சல் உடையில் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். வெப்புக்கு நீந்துவதில் அவ்வளவு பிரியம் இல்லையாம். ஆகவே அவர் மட்டும் கால்சராயை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.