டோல் ஸ்டிக்கரும் கடப்பிதழும்: ஆர்எஃப்ஐடி சந்தையில் மலேசியா கடந்த வழி



கடந்த பள்ளி விடுமுறையை ஒரு சிறிய தேடலில் கழித்தேன். அதற்கு வித்திட்டவர் ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர். மேருவிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும்போது செத்தியா ஆலாம் டோல் சாவடியில் தம் தந்தையின் காரைக் கண்டதும் தடுப்புக் கம்பம் தானாக உயர்கிறதே, காரில் ஒட்டிய அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி எதுவும் இல்லையே, பிறகு அது எவ்வாறு பேசுகிறது என்று கேட்டார். அறிவியல் விடையை வகுப்பிலேயே கூறிவிட்டேன். ஆனால் மறுநாள் அவருடைய தந்தை கேட்ட கேள்வி வேறு. "டீச்சர், இதை நம் நாட்டிலா செய்கிறார்கள்? இதில் யாருக்குப் பணம் போகிறது?" என்றார். இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும்.

புரட்டியதில் ஒன்று தெளிவாயிற்று. வானொலி அலைகளின் வழி பொருள்களை அடையாளம் காணும் இத்துறையில் மலேசியா முன்வரிசையில் நின்றதுண்டு; அதுவும் ஒருமுறையன்று. அவ்வாறிருந்தும் சந்தையின் கடிவாளம் வேறு கைகளில்தான் இருந்தது. "உலகிலேயே முதல்" என்ற சொல்லைப் பாடநூலில் கண்டால் நாம் பெருமிதத்தோடு அடிக்கோடிடுகிறோம். அதற்கு அடுத்த வரியில் என்ன நடந்தது என்பதை அவ்வளவாகத் தேடுவதில்லை.

முதலில் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். டோல் சாவடியின் மேலிருக்கும் கருவி வானொலி அலைகளை வீசுகிறது. அவ்வலையின் ஆற்றலைக் கொண்டே ஸ்டிக்கரிலுள்ள சில்லு விழிக்கிறது. தன் எண்ணை அவ்வலையிலேயே ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடித் துண்டை வெயிலில் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் ஒளியை ஆட்டிக் காட்டும் சிறுவர் விளையாட்டைப் போன்றது இது. வெளிச்சம் கதிரவனுடையது, ஆட்டம் மட்டுமே சிறுவனுடையது.

இவ்வுத்தியின் பிறப்பில் பள்ளி மாணவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு வியப்பளித்தது. 1945 ஆகஸ்டு 4ஆம் நாள், சோவியத் இளம் முன்னோடிகள் இயக்கத்துச் சிறார்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றை நட்புப் பரிசாக வழங்கினர். தூதரும் அதைத் தம் இல்லத்து அலுவலறைச் சுவரில் மாட்டிக்கொண்டார். லியோன் தெரமின் என்ற அறிஞர் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி அதற்குள் இருந்தது. அதற்கு மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையை வீசும்போது மட்டும் அது உயிர்பெற்றுப் பேச்சொலியைச் சுமந்து அனுப்பியது. 1952 வரை எவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அடையாளம் காணும் கருவியாக அது இயங்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் இன்றைய ஸ்டிக்கரின் மூதாதை அதுதான் எனலாம். அப்பரிசைக் கொண்டுசென்ற சிறார்களுக்குத் தாங்கள் எதைச் சுமந்தோம் என்று தெரிந்திருக்குமா?

1948இல் ஹாரி ஸ்டாக்மன் என்பவர், எதிரொளிக்கும் ஆற்றலைக்கொண்டு தகவல் அனுப்புவது குறித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1973இல் மாரியோ கார்டுலோ, சார்ல்ஸ் வால்டன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் தனித்தனியே காப்புரிமை பெற்றனர். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆய்வகம், மாட்டுப் பண்ணை, டோல் சாவடி என்று இத்தொழில்நுட்பம் மெல்ல நடை பயின்றது.

நம் நாட்டுக்கு அது வந்ததும் டோல் சாவடியின் வழியேதான். 1990களின் நடுவில் நெடுஞ்சாலை நிறுவனங்கள் தத்தமக்கென ஒரு மின்னியல் கட்டண முறையை வைத்திருந்தன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்குப் பிளஸ்டேக். மற்றச் சாலைகளுக்கு வேறு வேறு பெயர்களில் வேறு கருவிகள். ஒரு சாலையின் கருவி இன்னொரு சாலையில் பயன்படாது. 1997 மார்ச்சில் டச் அண்ட் கோ அட்டை அறிமுகமானது. 2004 ஜூலை முதல் தனித்தனி முறைகள் யாவும் நிறுத்தப்பட்டு, அவ்வட்டையும் ஸ்மார்ட்டேக் கருவியுமே நாடு முழுமைக்கும் பொதுவாயின. (ஸ்மார்ட்டேக் வானொலி அலையில் இயங்கியதன்று; வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரில் இயங்கியது. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.) மக்களுக்கு வசதி பிறந்தது, அதே வேளையில் மின்னியல் டோல் கட்டணம் முழுவதும் ஒரே நிறுவனத்தின் வழியாகப் பாயும் நிலையும் பிறந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவோம்.

அடுத்தது கடப்பிதழ். 1998 மார்ச்சில், உலகிலேயே முதன்முறையாகச் சில்லு பதித்த கடப்பிதழை மலேசியா வெளியிட்டது. அதை உருவாக்கியது ஐரிஸ் கார்ப்பரேஷன் என்ற உள்நாட்டு நிறுவனம். அதே ஆண்டு ஜூன் இறுதியில் சிப்பாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. புதிய விமான நிலையம், புதிய கடப்பிதழ், பல்லூடகப் பெருவழித் திட்டம் என்று நாடே எதிர்காலத்தை நோக்கி ஓடிய காலம் அது. 2002 டிசம்பரில் பெருவிரல் ரேகையும் சில்லில் சேர்க்கப்பட்டது. வளர்ந்த நாடுகள் பல அப்போது இத்தகைய கடப்பிதழை வெளியிடத் தொடங்கவில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நிலைமை மாறியது. தன் நாட்டுக்குள் விசா இன்றி வருவோர் 2006 அக்டோபர் 26க்குப்பின் பெற்ற கடப்பிதழாயின் அதில் சில்லு இருக்க வேண்டும் என அமெரிக்கா விதித்தது. எந்தச் சில்லு, அதில் எந்த வரிசையில் தகவல், எந்தக் கருவி அதைப் படிக்கும் என்பவற்றை அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்தது. எட்டு ஆண்டுகள் முந்திக்கொண்ட நமது கடப்பிதழ் அந்தப் பொதுத் தரத்திற்கு ஏற்றதாக இல்லை. 2010இல்தான் நம் கடப்பிதழ் அத்தரத்திற்கு மாற்றப்பட்டது. முதலில் வீடு கட்டியவர், பின்னர் போடப்பட்ட சாலைக்கேற்பத் தம் வாசலை இடித்துக் கட்டிய கதைதான் இது.

இதில் ஒரு வழக்கும் உண்டு. தன் அமெரிக்கக் காப்புரிமையை மீறியதாக ஜப்பான் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின்மீது ஐரிஸ் 2006இல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. பயணிகளின் மின்னியல் கடப்பிதழ்களைப் பரிசோதிப்பதில் தன் உரிமை மீறப்படுகிறது என்பது அதன் வாதம். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடப்பிதழைப் பரிசோதிக்கும்படி அமெரிக்கச் சட்டமே விமான நிறுவனத்தைப் பணிக்கிறது; ஆகவே அது அமெரிக்க அரசுக்காகச் செய்யப்படும் செயல்; இழப்பீடு கோருவதானால் அரசிடம் கோர வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு மலேசிய நிறுவனம் தன் கண்டுபிடிப்புக்காக எட்டு ஆண்டுகள் போராடிய இந்தச் செய்தியை நம் தமிழ் ஏடுகள் எதிலும் நான் படித்ததாக நினைவில்லை.

இனிச் சந்தைக்கு வருவோம். 1999இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆட்டோ ஐடி மையம் தொடங்கப்பட்டது. கெவின் ஆஷ்டன், டேவிட் புரோக், இந்தியாவில் பிறந்து கான்பூர் ஐஐடியில் பயின்ற சஞ்சய் சர்மா ஆகியோர் அதன் முன்னோடிகள். (சஞ்சய் சர்மா பின்னாளில் கோலாலம்பூரிலுள்ள ஏசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸ் கல்விக்கழகத்தின் தலைவராக வந்தார்.) அவர்களது எண்ணம் எளிமையானது. சில்லுக்குள் எல்லாத் தகவலையும் திணித்தால் விலை ஏறும். ஆதலால் சில்லில் ஓர் எண் மட்டும் இருக்கட்டும், மற்ற விவரமெல்லாம் இணையத்தில் இருக்கட்டும். ஓர் ஒட்டுச் சில்லின் விலையை ஐந்து அமெரிக்க சென்னுக்குக் குறைப்பது அவர்களது இலக்கு. 2003 ஜூனில் வால்மார்ட் நிறுவனம், தன் தலையாய நூறு விற்பனையாளர்கள் 2005 ஜனவரி முதல் பெட்டிகளில் இச்சில்லை ஒட்ட வேண்டும் என அறிவித்தது. சந்தை கொதித்தது. ஒவ்வொரு பால் டின்னிலும் சில்லு வந்துவிடும் என்று பேசப்பட்டது. அது நடக்கவில்லை. விற்பனையாளருக்குச் செலவு, வால்மார்ட்டுக்கு ஆதாயம் என்றிருந்தால் யார்தான் மனமுவந்து ஒட்டுவார்? ஆனால் அந்த ஆரவாரத்தினூடே 2004 டிசம்பரில் ஒரு பொதுத் தரம் உறுதிசெய்யப்பட்டது. நிலைத்தது அதுவே.

இந்தக் கொதிப்பின் நடுவில்தான் மலேசியா தன் சொந்தச் சில்லுடன் சந்தைக்கு வந்தது. ஜப்பானின் எஃப்இசி நிறுவனத்திடமிருந்து உரிமையை வாங்கி, 2007 பிப்ரவரியில், அப்துல்லா அகமட் படாவி பிரதமராக இருந்தபோது, "மலேசியா மைக்ரோசிப்" அறிமுகப்படுத்தப்பட்டது. அதன் மிகச் சிறிய வகை 0.4 மில்லிமீட்டர் சதுரம். விலை ஏறத்தாழ ஆறு அமெரிக்க சென் என்றார்கள். உலகிலேயே மிகச் சிறியது என்ற புகழ்மொழியும் உடன்வந்தது. ஹிட்டாச்சி நிறுவனம் அதே 0.4 மில்லிமீட்டர் அளவில் 2001லேயே ஒரு சில்லை அறிவித்திருந்தது. 2005ஆம் ஆண்டு ஐச்சி கண்காட்சியின் நுழைவுச் சீட்டுகளில் அது பயன்பட்டது. நமது சில்லு வெளிவந்த அதே மாதத்தில் 0.05 மில்லிமீட்டர் அளவுள்ள தூள் போன்ற சில்லையும் ஹிட்டாச்சி காட்டியது.

என் கருத்தில், அளவுப் போட்டியே தவறான போட்டி. சில மீட்டர் தொலைவிலிருந்து படிக்கப்பட வேண்டுமானால் சில்லுக்கு நீண்ட ஆன்டெனா வேண்டும். நம் நாட்டில் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ள 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். அதில் பாதியளவாவது ஆன்டெனா விரும்பும். அதனால்தான் அதை வளைத்து மடித்து அச்சிடுகிறார்கள். யூனிக்லோ சட்டையின் விலைச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வளைந்து நெளியும் உலோகக் கோடுகள் தெரியும், நடுவில் கடுகிலும் சிறிய கரும்புள்ளி தெரியும். வகுப்பில் இதைச் செய்து காட்டினால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள். புள்ளி சிறுத்தாலும் சீட்டு சிறுக்காது. அதோடு, படிக்கும் கருவி, மென்பொருள், நம்பி வாங்கும் கடைக்காரர் எல்லாம் வேண்டும். உலகச் சந்தை 2004ஆம் ஆண்டுத் தரத்தின் வழியே சென்றது. மலேசியா மைக்ரோசிப் அதில் இடம்பிடிக்கவில்லை.

பால் டின்னை விட்டுவிட்டு ஆடைகளில் சந்தை நிலைகொண்டது. அளவும் நிறமும் பலவாக இருக்கும் ஆடைக் கடையில் இருப்பை எண்ணுவதே பெரும்பாடு. அங்கே சில்லின் விலை நொடியில் மீள்கிறது. 2023இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட இத்தகைய சில்லுகள் ஏறத்தாழ 45 பில்லியன். அவற்றில் பெரும்பகுதியை வடிவமைப்பவை அமெரிக்காவின் இம்பிஞ்ச், நெதர்லாந்தின் என்எக்ஸ்பி போன்ற நிறுவனங்கள்.

பெற்றோர் கேட்ட கேள்வியின் மறுபாதிக்கு டோல் சாவடியில்தான் விடை இருக்கிறது. 2018 செப்டம்பரில் டச் அண்ட் கோ நிறுவனம் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கரைச் சோதனை முறையில் கொண்டுவந்தது. 2022 ஜனவரி 15இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜூரு முதல் ஸ்கூடாய் வரை அது நடைமுறைக்கு வந்தபோது எழுந்த நெரிசலும் முணுமுணுப்பும் பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவின் ஃபாஸ்டேக் 2014இல் தொடங்கி 2021 பிப்ரவரியில் கட்டாயமாயிற்று. அதுவும் இதே வகை ஸ்டிக்கர்தான். ஆனால் அங்கே அதைப் பல வங்கிகள் வழங்குகின்றன. எவ்வங்கியின் ஸ்டிக்கரும் எச்சாவடியிலும் செல்லும். இங்கோ ஒரே நிறுவனம், ஒரே கணக்கு. 2023 செப்டம்பர் முதல் சில நெடுஞ்சாலைகளில் வங்கி அட்டைகளையும் ஏற்கத் தொடங்கினார்கள். ஸ்டிக்கர் ஒன்றே, சந்தையின் அமைப்புதான் வேறு.

இத்தனையையும் நான் பெற்றோர்களுக்காக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2005 ஜனவரியில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சட்டர் என்ற சிற்றூரின் பிரிட்டன் தொடக்கப்பள்ளி, மாணவர்கள் அனைவரும் ஆர்எஃப்ஐடி அட்டையைக் கழுத்தில் அணிய வேண்டும் என்றது. வகுப்பறை வாசல்களிலும் கழிவறை வாசல்களிலும் படிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. ஆசிரியருக்கு வருகைப் பதிவு எளிதாகும் என்பது காரணம். பெற்றோர் சிலர் எதிர்த்தெழுந்து விசாரித்தபோது, சோதனைக்கு இடமளித்ததற்காக இன்காம் என்ற அந்நிறுவனம் பள்ளிக்குச் சில ஆயிரம் டாலர் கொடுத்திருந்ததும், விற்பனை வளர்ந்தால் அதில் பங்கு தருவதாகக் கூறியிருந்ததும் வெளிவந்தன. பிப்ரவரியிலேயே அந்நிறுவனம் கருவிகளைக் கழற்றிக்கொண்டு வெளியேறியது.

நம் பள்ளிகளுக்கும் இத்தகைய விற்பனையாளர்கள் வரக்கூடும். வருகைப் பதிவேட்டை நாள்தோறும் நிரப்புபவள் என்ற முறையில் அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. அப்படி ஒருவர் வந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்பதற்கு நான்கு வினாக்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இந்த அட்டையை எத்தனை மீட்டர் தொலைவிலிருந்து படிக்க முடியும்? அட்டையில் இருப்பது எண் மட்டுமா, பிள்ளையின் பெயருமா? பதிவேடு பள்ளியிலுள்ள கணினியில் இருக்குமா, நிறுவனத்திடம் இருக்குமா? அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்திடம் மாறினால் இதே கருவிகள் பயன்படுமா?