பழங்கணிப்பொறியும் ஏடுபெயர்த்தலும்

ஓலையின் ஆயுள் குறுகியது. அதில் எழுதப்பெற்ற நூலின் ஆயுளோ நெடியது. ஓலை சிதையுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய வழக்கமே இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகும். இன்று தமிழ் நூல்கள் பல கணிப்பொறிக் கோப்புகளாக உள்ளன. பொறி பழுதுறாமலே அதன் இயங்குதளம் வழக்கொழிய, கோப்பு படிக்கவியலாததாதலும் உண்டு. ஆதலின், பழங்கணிப்பொறியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்தல் தமிழாய்வாளரும் அறியவேண்டுவதொன்றாம். அதன் வரலாற்றையும் முறையையும் ஈண்டு ஆராய்வாம்.

லினக்ஸின் கருநிரலை 1991-இல் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இன்டெல் 386 செயலிக்கென எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்ட டெபியன் 1993-இல் தோன்றிற்று. தமிழ்நாட்டரசின் எல்காட் நிறுவனம் 2006, 2007-ஆம் ஆண்டுகளில் சூசி லினக்ஸுக்கு மாறியது. டெபியனை அடியொற்றி சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. இவற்றால் லினக்ஸ் நம் நாட்டு அலுவலகங்களிலும் கல்விநிலையங்களிலும் இடம்பெறலாயிற்று.

இதே காலத்தில் தமிழெழுத்தின் குறிமுறையும் மாறிவந்தது. 1999-இல் தமிழ்நாட்டரசு தாப், தாம் என்னும் குறிமுறைகளை ஏற்றது. இணையத்தில் திஸ்கி வழங்கிற்று. 2010-இல் அரசு ஒருங்குறியை ஏற்றது. இம்மாற்றங்களுக்கு இடையே தட்டெழுதப்பெற்ற கோப்புகளே இன்று பேரிடர்க்கு உட்பட்டவை. உரிய எழுத்துரு இல்லாத புதிய தளத்தில் திறக்குங்கால் அவை பொருளற்ற இலத்தீன் எழுத்துக் கோவையாகத் தோன்றும். சிதைந்த கோப்பென்று கருதி அழித்துவிடின், ஒரு பதிப்பாசிரியரின் பல்லாண்டு உழைப்பு அழிந்துபடும். உண்மையில் அங்குச் சிதைவு இல்லை. குறிமுறை அறியாமையே உள்ளது.

இனிப் பொறியின் எல்லையை நோக்குவாம். 386 செயலிக்கெனப் பிறந்த லினக்ஸ், 2013-இல் வெளிவந்த 3.8-ஆம் கருநிரலில் அச்செயலியையே கைவிட்டது. 2017-இல் டெபியனின் 9-ஆம் பதிப்பு 586 வகைச் செயலிகளை நீக்கிற்று. 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட்டுப் பொறிக்குரிய நிறுவுநிரலும் கருநிரலும் இல்லை. எனவே அவ்வகைப் பொறிக்கு 2023-ஆம் ஆண்டின் 12-ஆம் பதிப்பே டெபியனின் இறுதி எல்லையாம். ஆயினும், 64 பிட்டுச் செயலி உடைய பொறிகளிலும் முன்னாளில் 32 பிட்டுத் தளம் நிறுவப்பெற்றதுண்டு. 'எல்எஸ்சிபியு' என்னும் கட்டளையால் செயலியின் உண்மை இயல்பைத் தெளிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

புதுப்பிக்கும் முறை மூன்று படிகளை உடையது. முதற்கண், கோப்புகளையும் அவற்றிற்குரிய எழுத்துருக்களையும் வெளிவட்டில் படியெடுத்தல் வேண்டும்; எழுத்துரு இன்றேல் குறிமுறையை உறுதி செய்தல் அரிதாகும். இரண்டாவது, அவற்றை ஒருங்குறிக்கு மாற்றல். திஸ்கிக்குரிய மாற்றி லினக்ஸிலேயே 'ஐகான்வ்' என்னும் கருவியில் அமைந்துள்ளது. தாப், தாம் கோப்புகளுக்கு வேறு மாற்றிகள் வேண்டும். மாற்றியதை மூலத்தோடு ஒப்புநோக்குதல் இன்றியமையாதது, மூலக்கோப்பையும் அழித்தலாகாது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் இருந்த நூல்களை ஒருங்குறிக்குப் பெயர்த்தமை இதற்குச் சிறந்த சான்றாம்.

மூன்றாவதே தளத்தை மாற்றுதல். டெபியனில் இடைப்பதிப்பைத் தாவிச் செல்லுதல் முறையன்று. 2007-ஆம் ஆண்டின் 4-ஆம் பதிப்பிலிருந்து 12-ஆம் பதிப்பை அடைய எட்டு முறை உயர்த்தல் வேண்டும். ஆதலின், கோப்புகளைக் காத்தபின் புதிதாக நிறுவுதலே எளிது. நினைவகம் குறைந்த பொறிக்கு எல்எக்ஸ்டிஇ போன்ற எளிய திரைச்சூழல் பொருந்தும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் நிலத்தில், சிற்றூர்களில், பழம்பொறியை நீக்கிப் புதியது வாங்குதல் யாவர்க்கும் இயல்வதன்று. பழங்கண்மாயைத் தூர்வாரி மடையைச் செப்பனிட்டுப் பயன்கொள்ளும் மரபுடைய நிலம் அது. பொறியையும் அவ்வாறே பேணலாம். எனினும், கரையைச் செப்பனிடுவார் முதலில் நீரைக் காப்பர். அதுபோல, தளத்தைப் புதுப்பிக்குமுன் நூலைக் காத்தல் வேண்டும். 32 பிட்டுப் பொறிகளின் எல்லை வரையறுக்கப்பட்டுவிட்ட இக்காலத்தில், தத்தம் துறைகளிலுள்ள பழங்கணிப்பொறிகளைத் திறந்து, அவற்றில் உறங்கும் தமிழ்க்கோப்புகளைப் பட்டியலிடுதல் தமிழ் ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.