மட்டன் பர்கர் முதல் ஆலூ டிக்கி வரை: தில்லி பர்கர் கடைகளின் வரலாறும் சென்று சுவைக்க வேண்டிய இடங்களும்

புதுதில்லி: அமெரிக்காவில் மாட்டிறைச்சியின்றி பர்கரை எண்ணிப் பார்ப்பதே கடினம். அதே பர்கர், மாட்டிறைச்சி அறவே இல்லாமல் ஒரு பெருநகரத்தின் அன்றாடச் சிற்றுண்டியாக மாறிய இடம் தில்லி. தலைநகருக்குச் சுற்றுலாவாகவோ, தேர்வுக்காகவோ, அலுவல் நிமித்தமாகவோ வரும் தமிழர்கள் பராத்தாவையும் கபாபையும் தேடிச் செல்வது வழக்கம். இந்நகரின் பர்கர் கடைகளுக்கும் அரை நூற்றாண்டுக்கு நெருங்கிய வரலாறு உண்டு என்பது பலரும் அறியாத செய்தி.

தொடக்கம் கன்னாட் பிளேஸில். நிருலா சகோதரர்கள் 1934-ஆம் ஆண்டு இங்கு 'ஹோட்டல் இந்தியா' என்ற பெயரில் ஒரு விடுதியைத் தொடங்கினர். அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையினர் 1977-இல் அதே வட்டாரத்தில் துரித உணவகம் ஒன்றைத் திறந்தனர். அமெரிக்க நிறுவனங்கள் எதுவும் இந்தியாவுக்குள் கால் வைக்காத காலம் அது. பர்கர், பீட்சா, பாலும் ஐஸ்கிரீமும் கலந்த ஷேக் ஆகியவற்றை நடுத்தரக் குடும்பங்கள் முதன்முதலில் சுவைத்தது 'நிருலாஸ்' கடைகளில்தான். அங்கு விற்ற 'பிக் பாய்' பர்கரும், சூடான சாக்லேட் குழம்பு ஊற்றிய 'ஹாட் சாக்லேட் ஃபட்ஜ்' ஐஸ்கிரீமும் இன்று ஐம்பது வயதைக் கடந்த தில்லிவாசிகளின் பேச்சில் தவறாமல் இடம்பெறும். நல்ல மதிப்பெண் பெற்ற பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண் அட்டையைக் காட்டினால் ஐஸ்கிரீம் இலவசம் என்ற ஏற்பாடு, விளம்பரச் செலவின்றி ஒரு தலைமுறையையே வாடிக்கையாளராக்கியது. மலேசியாவைச் சேர்ந்த நேவிஸ் முதலீட்டு நிறுவனம் 2006-இல் இந்நிறுவனத்தை வாங்கியது. பழைய நிருலாஸ் போல் இல்லை என்ற குறை அதற்குப் பின் அடிக்கடி கேட்கப்பட்டாலும், கடையின் பெயருக்கு இருந்த மதிப்பு முற்றிலும் மங்கிவிடவில்லை.

பிரிட்டனில் புகழ்பெற்றிருந்த 'விம்பி' நிறுவனம் 1980-களில் கன்னாட் பிளேஸை ஒட்டிய ஜன்பத் பகுதியில் கடை திறந்தது. கல்லூரி மாணவர்கள் கூடும் இடமாக அது சில காலம் விளங்கியது. பின்னர் வந்த போட்டியில் தாக்குப்பிடிக்கவில்லை.

உலகிலேயே முதன்முறை

இந்தியாவின் முதல் மெக்டொனால்ட்ஸ் கடை 1996 அக்டோபர் 13 அன்று தெற்கு தில்லியின் வசந்த் விஹார், பசந்த் லோக் வணிக வளாகத்தில் திறக்கப்பட்டது. மாட்டிறைச்சி விற்காத மெக்டொனால்ட்ஸ் கடை என்பது உலகில் அதுவே முதன்முறை. 'பிக் மேக்' பர்கரின் இடத்தில் ஆட்டிறைச்சியில் செய்த 'மகாராஜா மேக்' வைக்கப்பட்டது. பிற்காலத்தில் அது கோழி இறைச்சிக்கு மாறியது.

இந்த மாற்றத்திற்குச் சட்டக் காரணமும் உண்டு. சந்தைக் காரணமும் உண்டு. தில்லி வேளாண் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம், 1994-இன்படி பசு, காளை, எருது உள்ளிட்ட கால்நடைகளை இறைச்சிக்காக வெட்டுவதும் அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றமாகும். எருமை இறைச்சிக்கு அத்தடை இல்லை. எனினும் சைவ உணவினர் மிகுந்த வட இந்தியச் சந்தையில் அதையும் தவிர்ப்பதே நலம் என நிறுவனம் கருதியது. பன்றி இறைச்சியும் சேர்க்கப்படவில்லை. அதைவிடக் கடினமான வேலை சமையலறையில் இருந்தது. சைவ உணவுக்கும் அசைவ உணவுக்கும் தனித்தனி அடுப்பு, எண்ணெய், கருவிகள் ஒதுக்கப்பட்டன. சைவப் பகுதி ஊழியர்களுக்குப் பச்சை நிற முன்னங்கி அளிக்கப்பட்டது. முட்டை சேர்க்காத மயோனைஸ் உருவாக்கப்பட்டது. லெட்டூஸ் கீரையை வாடாமல் கொண்டுவரும் குளிர்பதனப் போக்குவரத்து அன்று நாட்டில் பெரிதாக இல்லாததால், கடை திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அதற்கான வலைப்பின்னலை விவசாயிகள், குளிர்கிடங்கு உரிமையாளர்கள் ஆகியோருடன் சேர்ந்து கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

அந்த முன்னெச்சரிக்கையின் பயன் 2001-இல் தெரிந்தது. அமெரிக்காவில் விற்கப்படும் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சி சார்ந்த சுவையூட்டி சேர்க்கப்படுவதாக அங்குள்ள இந்துக்களும் சைவ உணவினரும் வழக்குத் தொடுத்தனர். அதன் எதிரொலியாக மகாராஷ்டிரத்தில் கடைகள் மீது போராட்டம் நடந்தது. இந்தியாவில் விற்கும் வறுவலில் அத்தகைய பொருள் எதுவும் இல்லை என நிறுவனம் விளக்கமளித்தது. அமெரிக்க வழக்கு 1 கோடி டாலர் இழப்பீட்டுடன் 2002-இல் முடிவுக்கு வந்தது.

இன்று தில்லியில் மெக்டொனால்ட்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது மகாராஜா அன்று. 'மெக் ஆலூ டிக்கி'தான். உருளைக்கிழங்கும் பட்டாணியும் மசாலாவும் சேர்த்துத் தட்டிப் பொரித்த அடை, தக்காளி, வெங்காயம், இனிப்பும் காரமும் கலந்த குழைவு. 2004-இல் 20 ரூபாய் விலைப்பட்டியல் அறிமுகமானபோது மாணவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் குளிரூட்டப்பட்ட கடைக்குள் நுழைய அது வழி செய்தது. அமெரிக்கப் பர்கரைவிட, சாந்தினி சௌக்கில் இரும்புத் தட்டில் நெய் விட்டு வாட்டப்படும் ஆலூ டிக்கிக்கே இது நெருங்கிய உறவு என்பதைச் சுவைத்தவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வர்.

ஒரே நாளில் மூடப்பட்ட 43 கடைகள்

பர்கர் கடை என்பது உணவு மட்டும் சார்ந்ததன்று. உரிமங்களும் வேலைகளும் சார்ந்தது என்பதைத் தில்லி 2017-இல் கண்டது. வட, கிழக்கு இந்திய மெக்டொனால்ட்ஸ் கடைகளை விக்ரம் பக்ஷியின் கன்னாட் பிளாசா ரெஸ்டாரண்ட்ஸ் நிறுவனம் நடத்திவந்தது. இதில் அவருக்கும் மெக்டொனால்ட்ஸுக்கும் சரிபாதிப் பங்கு இருந்தது. அவர் 2013-இல் மேலாண் இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டதை அடுத்து இரு தரப்பினரும் வழக்காடத் தொடங்கினர். இச்சூழலில் உணவகங்களுக்கான உரிமங்கள் காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாததால், 2017 ஜூன் இறுதியில் தில்லியில் இருந்த 55 கடைகளில் 43 கடைகள் ஒருசேர மூடப்பட்டன. சுமார் 1,700 ஊழியர்களின் வேலை கேள்விக்குறியானது. பெரும்பாலோர் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, கல்லூரிக் கட்டணத்துக்கும் வீட்டுச் செலவுக்குமாக வேலைக்கு வந்த இளைஞர்கள். பங்காளிகள் இருவரின் சண்டைக்கு அவர்கள் எந்த வகையிலும் காரணம் அல்லர்.

அதே ஆண்டு ஜூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் பக்ஷியை மீண்டும் பொறுப்பில் அமர்த்தியது. ஆகஸ்டில் மெக்டொனால்ட்ஸ் 169 கடைகளின் உரிம ஒப்பந்தத்தை ரத்து செய்தது. டிசம்பரில் பொருள் வழங்கும் நிறுவனம் விநியோகத்தை நிறுத்தியதால் கிழக்கிலும் வடக்கிலும் 80-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. இறுதியில் 2019 மே மாதம் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டு, பக்ஷியின் பங்கை மெக்டொனால்ட்ஸ் வாங்கியது. 2020 முதல் சஞ்சீவ் அகர்வாலின் எம்எம்ஜி குழுமம் இக்கடைகளை நடத்துகிறது. தமிழகம் உள்ளிட்ட தென்மாநிலங்களிலும் மேற்கிலும் உள்ள கடைகளை ஹார்ட்கேசில் என்ற வேறொரு நிறுவனம் நடத்துவதால் சென்னைக் கடைகளுக்கு இப்பூசலில் பாதிப்பு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தில்லியில் உணவகம் நடத்த மாநகராட்சி, தீயணைப்புத் துறை ஆகியவற்றின் அனுமதியுடன் காவல் துறையின் உரிமமும் வேண்டும் என்ற நடைமுறை நெடுங்காலம் இருந்தது. உணவக உரிமையாளர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்துவந்த இந்த ஏற்பாட்டிலிருந்து காவல் துறை 2025 ஜூனில் விடுவிக்கப்பட்டது. உணவகம், விடுதி, நீச்சல் குளம் உள்ளிட்ட 7 வகைத் தொழில்களின் உரிமப் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளுக்கும் உரிய துறைகளுக்கும் மாற்றப்பட்டது.

எங்கே சாப்பிடலாம்?

சாகேத் பகுதியின் செலக்ட் சிட்டிவாக் வணிக வளாகம் இப்பட்டியலில் தவிர்க்க முடியாதது. 2014 நவம்பரில் பர்கர் கிங் நிறுவனம் தன் முதல் இந்தியக் கடையை இங்குதான் திறந்தது. அதன் புகழ்பெற்ற 'வாப்பர்' இங்கு காய்கறி, கோழி, ஆட்டிறைச்சி என மூன்று வகைகளில் அறிமுகமானது. கடை திறக்கும் முன்பே இணையத்தில் பதிவு செய்து வாங்கப் பலர் முந்தினர். கலிபோர்னியாவைச் சேர்ந்த கார்ல்ஸ் ஜூனியர் நிறுவனமும் 2015-இல் இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுத்தது இதே வளாகத்தை. அதே ஆண்டு வெண்டீஸ் நிறுவனம் அண்டை நகரமான குருகிராமில் தன் முதல் கடையைத் திறந்தது.

வெளிநாட்டுப் பெயர்களைவிட ஆர்வமூட்டுவது குருகிராமில் 2014-இல் பிறந்த 'பர்கர் சிங்'. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய கபீர் ஜீத் சிங் தொடங்கிய இக்கடை, இந்திய மசாலாச் சுவையை ஒளிக்காமல் முன்னிறுத்துகிறது. வெளிநாட்டு பர்கரின் சாதுவான சுவை பிடிக்காத தமிழ் நாக்குக்கு இது பொருந்தும்.

ஆயினும் தில்லியின் உண்மையான பர்கரைத் தேடுவோர் வணிக வளாகங்களை விட்டுத் தெருவுக்கு வர வேண்டும். லாஜ்பத் நகர், கமலா நகர் போன்ற கடைவீதிகளில் தள்ளுவண்டிகளில் விற்கும் 'பன் டிக்கி'தான் அது. வெண்ணெய் தடவி வாட்டிய பன்னுக்குள் சுடச்சுட ஆலூ டிக்கி, பச்சைச் சட்னி, புளிச் சட்னி, வட்டமாக அரிந்த வெங்காயம். மும்பைக்கு வடா பாவ் எப்படியோ, தில்லிக்கு இது அப்படி. பெருநிறுவனங்கள் கோடிகளைச் செலவிட்டுக் கண்டடைந்த சுவை இந்த வண்டிகளில் ஏற்கெனவே இருந்தது என்றால் மிகையில்லை. கன்னாட் பிளேஸ் செல்வோர் 1926-இல் தொடங்கப்பட்ட 'வெங்கர்ஸ்' ரொட்டிக் கடையையும் எட்டிப் பார்க்கலாம்; பர்கருக்காக அன்று, அதன் பஃப், கேக் வகைகளுக்காக.

அமெரிக்கா செல்லும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூன்று பெயர்கள் போதும். கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் உள்ள 'லூயிஸ் லஞ்ச்' தானே பர்கரின் பிறப்பிடம் என்று உரிமை கோருகிறது. இன்றும் பன்னுக்குப் பதில் வாட்டிய ரொட்டித் துண்டுகளில்தான் தருகிறது, தக்காளிச் சாறு கேட்டாலும் கிடைக்காது. கன்சாஸின் விச்சிட்டாவில் 1921-இல் தோன்றிய 'ஒயிட் கேசில்' சிறு சதுர பர்கர்களுக்குப் பெயர்பெற்றது. கலிபோர்னியாவில் 1948-இல் தொடங்கிய 'இன்-அண்ட்-அவுட்' மிகக் குறைந்த வகைகளை மட்டுமே விற்றுப் பெரும் வரிசையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இம்மூன்றிலும் முதன்மையானது மாட்டிறைச்சி என்பதைச் சைவ உணவினர் நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டணமும் உடல்நலமும்

உணவகங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2017 நவம்பரில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உள்ளீட்டு வரிச் சலுகை அதனுடன் நீக்கப்பட்டது. ரசீதில் சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அதை நீக்கக் கோர வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அக்கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்துள்ளது.

தில்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2019 டிசம்பரில் பர்கர், பீட்சா, வறுவல், சிப்ஸ் உள்ளிட்ட 33 உணவு மாதிரிகளைச் சோதித்து, உப்பும் கொழுப்பும் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைவிட மிகுந்திருப்பதாக அறிவித்தது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் ஒவ்வோர் உணவின் கலோரி அளவையும் விலைப்பட்டியலில் காட்ட வேண்டும் என்பது தற்போதைய விதி. தள்ளுவண்டிக் கடைகளுக்கு இவ்விதி பொருந்தாது.

கன்னாட் பிளேஸ் செல்ல ராஜீவ் சௌக் நிலையத்திலும், சாகேத் வணிக வளாகத்துக்கு மாளவியா நகர் நிலையத்திலும் மெட்ரோ ரயிலில் இறங்கலாம்; இரண்டும் மஞ்சள் வழித்தடத்தில் உள்ளன. பசந்த் லோக் வளாகத்துக்கு அருகில் உள்ள வசந்த் விஹார் நிலையம் மெஜந்தா வழித்தடத்தைச் சேர்ந்தது.