பேடு முதல் பால்புதுமையர் வரை: பெயரும் தேர்வுரிமையும்

ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதோர்க்குத் தமிழ் வழங்கிய பெயர்களின் வரலாறு இலக்கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தோர் பெயர்களையும் தெய்வப் பெயர்களையும் ஒரே நூற்பாவில் வைக்கிறது. இரண்டுக்கும் தனி ஈறு இல்லை. உயர்திணை ஈறுகளையே ஏற்கும். நன்னூல் எழுதிய பவணந்தி இன்னும் துணிகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால். உடலை விட்டுவிட்டு விருப்பத்தைப் பார்த்துப் பால் வகுத்த விதி இது. ஆனால் அதே நூற்பா, இருவகையும் அஃறிணை போலவும் வழங்கும் என்று முடிகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் இந்தப் போக்கு பிற்காலச் சட்டங்களையும் விடவில்லை.

பேச்சு வழக்கில் ‘அலி’யும் ‘ஒம்போது’ம் வசையாகவே நிலைத்தன. அவற்றுக்கு மாற்றாக வந்த ‘அரவாணி’, கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி மகாபாரத அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் சடங்கிலிருந்து பிறந்தது. 2008 ஏப்ரலில் தமிழக அரசு நல வாரியம் அமைத்தபோது இப்பெயரையே சூட்டியது. மரியாதையான பெயர்தான், ஆயினும் கூவாகத்துக்கே போகாதவரையும், வேறு சமயத்தவரையும் ஒரு புராணத்துக்குள் அடைத்தது. நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் முன்வைத்ததாகச் சொல்லப்படும் ‘திருநங்கை’யை அப்போதைய முதல்வர் கருணாநிதி அரசு வழக்காக்கினார். பெண்ணாகப் பிறப்பில் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்வோர்க்கு அதில் இடமில்லை. அந்தக் குறையைத் ‘திருநம்பி’ நிரப்பியது.

2015இல் தமிழக அரசு திருநங்கையரை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலின அடையாளத்தைச் சாதியாக்கிய இந்த ஆணை, பட்டியல் சாதித் திருநங்கையை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நெருக்கியது. செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றோர், ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் பங்கு தரும் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டுப் போராடியது இதனால்தான். 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

பாலின அடையாளத்தையன்றி ஈர்ப்பைக் குறிக்கும் சொற்கள் தாமதமாகவே வந்தன. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய, ஒருவரையொருவர் காதலித்த இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவான ஆணை பிறப்பித்தார். தமக்கே புரிதல் தேவை என்று உளவியலாளரிடம் சென்று பேசிய பிறகு எழுதியது அது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர் (queer), ஊடுபால் (intersex), தன்பாலீர்ப்பு (homosexuality) ஆகியவை அதில் உண்டு. இவற்றுள் பல, சம்பந்தப்பட்டவர்களே முன்பு புழங்கிய சொற்கள் என்பதே இப்பட்டியலின் பலம். ஆனால் அரசிதழில் ஏறிய சொல் இறுதிச் சொல் ஆகிவிடக் கூடாது. ‘அரவாணி’யும் ஒருகாலத்தில் அரசுச் சொல்தான்.

பெயருக்கு அடிப்படையான பாலின அடையாளத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை 2014 ஏப்ரல் 15இல் உச்சநீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் ஏற்றது. அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் சொன்னது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ அதைப் பாதியில் நிறுத்தியது. மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பித்து, திருநங்கை, திருநம்பி இருவரையும் உள்ளடக்கும் ‘திருநர்’ என்ற சான்றிதழைப் பெறலாம் என்றது இயற்றப்பட்டபோதைய அச்சட்டம். ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மாற்ற வேண்டுமானால் அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்கு மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும் என்றும் விதித்தது. இந்தப் பிரிவு நால்சா தீர்ப்புக்கு நேர் முரணானது.