பித்து என்னும் சொல்லும் ஒரு நோயின் வரலாறும்

ஒரு நோய்க்குச் சமுதாயம் என்ன பெயர் இடுகின்றது என்பதைக் கொண்டே, அந்நோயாளரை அது எவ்வாறு நடத்தும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். தமிழில் பித்து, பித்தன், பைத்தியம் என்னும் சொற்கள் பித்தம் என்ற உடற்கூற்றின் அடியாகப் பிறந்தவை. மனச்சோர்வுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயரின் பொருளும் கரும்பித்தம் என்பதே. பண்டை வைத்தியர் மனநோயை உடலின் நோயாகவே கண்டனர் என்பதற்கு இச்சொற்களே சான்று. பேய் பிடித்தது என்றும் முன்வினைப் பயன் என்றும் கூறி நோயாளரை ஒதுக்கிவைப்போர், நம் மொழி அறிந்த அளவுகூட அறியாதவர்கள்.

உன்மத்தமும் மனச்சோர்வும் ஒருவரிடமே மாறிமாறித் தோன்றும் நோய் இன்று இருமுனை மனநோய் எனப்படுகின்றது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கப்படோக்கியா நாட்டு வைத்தியர் அரெத்தேயுஸ், இவ்விரு நிலைகளும் ஒரே மனிதரிடம் தோன்றக்கூடும் என எழுதிவைத்தார். ஆயினும் அது நெடுங்காலம் ஒரு தனி நோயாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. காரணம் எளிது. களிப்பின் உச்சியில் நிற்பவரை மட்டும் கண்டவர் ஒரு நோயைக் கண்டார். துயரின் ஆழத்தில் கிடப்பவரை மட்டும் கண்டவர் வேறொரு நோயைக் கண்டார். இரண்டையும் இணைத்துக் காண்பதற்கு, ஒருவரையே ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து நோக்கும் பொறுமை வேண்டியிருந்தது.

அப்பொறுமை பாரிஸ் நகரத்து மனநோய் வைத்தியசாலைகளில் வாய்த்தது. 1851 இல் பால்ரே என்பார் இந்நோயை 'வட்டமிடும் பித்து' என வருணித்தார். 1854 இல் பாயார்ஜே என்பாரும் ஏறக்குறைய அதே கருத்தை வெளியிட, முதலிற் கண்டவர் யார் என்ற பூசல் எழுந்தது. பின்னர் ஜேர்மனியைச் சேர்ந்த கிரேப்பலின் 1899 இல் வெளிவந்த தம் பாடநூற் பதிப்பில், படிப்படியாக அறிவைச் சிதைக்கும் நோயினின்றும், வந்துவந்து விலகும் இந்நோயைப் பிரித்துக் காட்டினார். நோயை அன்றைய தோற்றத்தால் மட்டுமன்றி, அதன் போக்கினாலும் அறிதல் வேண்டும் என்பதே அவர் தந்த பாடம்.

அறிதல் வேறு, ஆற்றுதல் வேறு. ஆற்றும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட், சிங்கப்பூரின் சாங்கி முகாமில் யப்பானியரின் போர்க்கைதியாக மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தவர். போர் முடிந்தபின், மெல்பேணை அடுத்த ஒரு வைத்தியசாலையில், பயன்படாது கிடந்த களஞ்சிய அறையையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். உன்மத்த நோயாளரின் சிறுநீரில் ஏதோ நச்சுப்பொருள் இருக்கவேண்டுமென எண்ணி அதனைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றினார். அவ்வாய்வினிடையே பயன்படுத்திய இலிதிய உப்பு அவ்விலங்குகளை அமைதியடையச் செய்தது. அவருடைய கோட்பாடு பிழை, கண்டது மெய். முதலில் அவ்வுப்பைத் தாமே உட்கொண்டு பார்த்தபின், பத்து உன்மத்த நோயாளருக்குக் கொடுத்துப் பெற்ற பயனை 1949 இல் வெளியிட்டார். அவர்களுள் முதலாமவர் ஐந்தாண்டுகள் ஓயாத கொந்தளிப்பில் இருந்தவர். அவர் தேறி வீடு திரும்பினார், மருந்தை விட்டார், மீண்டும் நோயுற்றார், ஈற்றில் 1950 இல் இலிதிய நச்சினாலேயே மாண்டார். மருந்தின் அளவைக் குருதியிற் கணித்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை அம்மனிதரின் உயிர் உலகுக்கு உணர்த்தியது.

டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்ஸ் ஷோ 1954 இல் முறைப்படி நடத்திய சோதனை இலிதியத்தின் பயனை உறுதிப்படுத்தியது. நோய் மீளாது தடுக்கவும் அது உதவும் என்பது 1967 இல் காட்டப்பட்டது. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடு 1970 இலேயே அதனை அங்கீகரித்தது. நச்சுத்தன்மை பற்றிய நியாயமான அச்சம் இதற்கு ஒரு காரணம். மற்றொன்றையும் மறைத்தல் தகாது. இலிதியம் மண்ணிலும் நீரிலும் கிடைக்கும் மலிவான தனிமம். எவரும் காப்புரிமை கொண்டாட இயலாத ஒரு பொருளைப் பரப்புவதில் மருந்து முதலாளிகளுக்கு என்ன ஆர்வம் இருக்கமுடியும்?

இந்நோய் பெரும்பாலும் இளமையில், பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகின்றது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. பலரிடம் சோர்வே முதலில் வருகின்றது. படிப்பில் நாட்டமின்மை, எதிலும் இன்பமின்மை, தன்னைத்தானே பழித்தல், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றைக் காணும் நாம் 'சோம்பல்' என்கின்றோம். பின்னொரு நாள் அதே இளைஞன் நாட்கணக்கில் உறங்காமலே களைப்பின்றித் திரிகின்றான், இடைவிடாது பேசுகின்றான், கடன்பட்டுச் செலவழிக்கின்றான், தன்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்கின்றான். அப்பொழுது 'திமிர்' என்கின்றோம். இரண்டும் ஒரு நோயின் இரு முகங்கள் என்பது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சோர்வை மட்டும் கண்டு தனியே கொடுக்கப்படும் மருந்து சிலரை உன்மத்தத்தில் தள்ளிவிடுவதும் உண்டு. ஆதலின் பழைய களிப்பு நாட்களையும் வைத்தியரிடம் எடுத்துச்சொல்லுதல் வீட்டாரின் கடமையாகும்.

1873 இல் பிரித்தானிய ஆட்சி இலங்கையிற் பிறப்பித்த சட்டம் இத்தகையோரைப் 'பைத்தியர்' என அழைத்து, அடைத்துவைப்பதற்கே வழி வகுத்தது. சட்டத்தின் சொல் பின்னர் மாறிற்று. நம் வாயின் சொல் இன்னும் மாறவில்லை. திருமணம் தடைப்படுமென அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அந்த மௌனத்தின் விலை பல வேளைகளில் ஓர் இளம் உயிராக இருக்கின்றது. பால்ரேயிடம் இருந்தது புதுக் கருவி எதுவுமன்று. ஒரு மனிதரை நீண்டகாலம் உற்றுநோக்கும் கண்களே. அக்கண்கள் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அயலவருக்கும் வாய்க்குமாயின், நோயாளர் தனித்துவிடப்படமாட்டார். அவருக்கு வேண்டுவது விலங்கும் அன்று, வேப்பிலையும் அன்று. வைத்தியமும் மனிதத் துணையுமே.